தரையில் அமர்ந்திருப்பவரை எந்த உயரத்திலிருந்து படம்பிடிப்பது? கேமரா உயரம், ஆங்கிள், ஃப்ரேம் குறித்த விவாதம்

கொல்லைத்திண்ணை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 12 நிமிடக் குறும்படம் ஒன்றை எங்கள் ஊரில், பாட்டி வீட்டிலேயே எடுத்து வருகிறேன். நடிப்பவரும் என் பாட்டிதான். கூடத்தில் சம்மணமிட்டு அமர்ந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, வாழைப்பூவில் நரம்பு எடுத்தபடியே, மறுநாள் பட்டணத்துக்குக் கிளம்பவிருக்கும் பேத்தியிடம் அவர் பேசுகிறார். படத்தின் உயிர் அந்த நான்கு நிமிடத்தில்தான் இருக்கிறது.

என் பாட்டி பத்துப் பேரை வைத்து வேலை வாங்கியவர். அவர் எதிரே போய் உட்கார்ந்தால் நம் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். ஆனால் எடுத்ததைப் போட்டுப் பார்த்தபோது, கவனிப்பாரற்று ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் மூதாட்டியைப் போலத் தெரிகிறார். நடிப்பில் குறையில்லை, முற்றத்திலிருந்து வந்த வெளிச்சமும் நன்றாகவே இருந்தது. டிரைபாடை நான் நின்று பார்க்கும் உயரத்தில், ஏறத்தாழ ஐந்தடியில் நிறுத்தி, அங்கிருந்து கேமராவைக் கீழே சாய்த்து எடுத்தேன். தவறு அதில்தான் என்று தோன்றுகிறது. ஆனால் அது என்ன செய்துவிட்டது என்பதை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மாம்பலத்தான் எழுதியது:

ஹை ஆங்கிளில் (மேலிருந்து குனிந்து) எடுத்தால் பாத்திரம் பலவீனமாகவும், லோ ஆங்கிளில் (கீழிருந்து நிமிர்ந்து) எடுத்தால் வலிமையாகவும் தெரியும் என்பது எல்லோரும் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம். நீங்கள் பாட்டியை மேலிருந்து பார்த்திருக்கிறீர்கள். கேமராவைத் தரையோடு தரையாக வைத்து, அகன்ற பரப்பைக் காட்டும் வைட் லென்ஸ் போட்டு, அவரை நோக்கி நிமிர்த்தி எடுங்கள். நீங்கள் தேடும் கம்பீரம் வந்துவிடும்.

கொல்லைத்திண்ணை எழுதியது:

நன்றி. நேற்று மாலையே அப்படி எடுத்துப் பார்த்தேன். 18 எம்எம் லென்ஸைத் தரையில் வைத்து நிமிர்த்தியபோது, முன்னால் நீட்டிக்கொண்டிருந்த முழங்காலும் முறத்தின் விளிம்பும் பெருத்து, முகம் பின்னால் போய்ச் சிறுத்துவிட்டது. தலைக்குமேல் உத்தரம் இரண்டு பக்கமும் சரிந்து நிற்கிறது. முந்தைய ஷாட்டில் இரக்கத்துக்கு உரியவராகத் தெரிந்தவர், இதில் அச்சுறுத்துகிறவராகத் தெரிகிறார். இரண்டுமே என் பாட்டி இல்லை.

செட்டுவேலை எழுதியது:

தம்பி, 27 ஆண்டுகள் கேமரா உதவியாளனாக வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் சொன்ன இரண்டு ஷாட்டிலும் ஒரே குழப்பம்தான் இருக்கிறது. அது உங்களுக்கு மட்டும் உரிய குழப்பமும் இல்லை. கேமராவின் உயரம் வேறு, அதன் சாய்வு வேறு. தரையிலிருந்து எவ்வளவு மேலே லென்ஸ் நிற்கிறது என்பது உயரம். அந்த லென்ஸ் நேராகப் பார்க்கிறதா, குனிந்து பார்க்கிறதா, நிமிர்ந்து பார்க்கிறதா என்பதுதான் ஆங்கிள். இவை இரண்டும் போக, கேமராவைத் தோள் சாய்ப்பதுபோலப் பக்கவாட்டில் சாய்ப்பது மூன்றாவது. 1949-இல் வியன்னாவில் எடுக்கப்பட்ட 'தி தேர்ட் மேன்' படம் முழுக்க அந்தச் சாய்வைப் பார்க்கலாம். மூன்றையும் பேச்சுவாக்கில் 'ஆங்கிள்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால், ஒன்றை மாற்ற வேண்டிய இடத்தில் இன்னொன்றை மாற்றிவிடுகிறோம்.

உங்கள் முதல் ஷாட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கேமரா ஐந்தடி உயரம். உட்கார்ந்திருக்கும் பாட்டியின் தலை தரையிலிருந்து இரண்டரை அடி. இருவருக்கும் நடுவே ஆறடி இருந்தது என்று வைத்துக்கொண்டால், லென்ஸிலிருந்து அவருடைய உச்சந்தலையைத் தொட்டுச் செல்லும் கோடு, அவருக்குப் பின்னால் இன்னும் ஆறடி தள்ளித் தரையில் போய் இறங்கும். அதாவது, திரையில் பாட்டியின் தலைக்குப் பின்னால் தெரிவது சுவரோ கதவோ முற்றத்து வெளிச்சமோ அல்ல, வெறும் தரை. அவரைச் சுற்றி நாலாபுறமும் தரை. கோலத்தின் நடுப்புள்ளியைப் போல அவர் ஒரு பரப்பில் வைக்கப்பட்டுவிட்டார். வீட்டின் தூண், நிலை, உத்தரம் எல்லாம் ஃப்ரேமுக்கு வெளியே போய்விட்டன. அவர் ஆண்ட வீட்டை நீங்கள் அவரிடமிருந்து எடுத்துவிட்டீர்கள். அந்த இரக்கம் அதிலிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம்.

இரண்டாவது ஷாட்டில் உயரத்தைக் குறைத்தது சரி. ஆனால் கேமராவை நிமிர்த்திவிட்டீர்கள். போதாததற்கு வைட் லென்ஸோடு மிக அருகில் போய்விட்டீர்கள். நிமிர்த்தினால் செங்குத்துக் கோடுகள் மேலே போகப் போக ஒன்றை நோக்கி ஒன்று சரியும். அருகில் போனால் முன்னால் இருப்பது பெருக்கும், பின்னால் இருப்பது சிறுக்கும். லென்ஸின்மேல் பழி போடுகிறோம். உண்மையில் முகத்தின் விகிதத்தைக் கெடுப்பது தூரம்தான்.

கேமராவை இறக்குங்கள், ஆனால் நேராகப் பார்க்கவிடுங்கள். மட்டம் பார்க்கும் ஸ்பிரிட் லெவலின் குமிழி நடுவில் நிற்கட்டும்.

யாழ்வாசகி எழுதியது:

செட்டுவேலை ஐயா சொன்னதைப் படித்ததும் ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓஸுவின் படங்கள்தான் நினைவுக்கு வந்தன. 1953-இல் வெளிவந்த 'டோக்கியோ ஸ்டோரி'யைக் கொல்லைத்திண்ணை கட்டாயம் பார்க்க வேண்டும். ஜப்பானிய வீடுகளில் 'தத்தாமி' என்னும் பாய் விரித்த தரையில் அமர்ந்துதான் உண்பதும் உரையாடுவதும். அந்தப் பாயில் நமக்கு எதிரே அமர்ந்திருக்கும் விருந்தாளியின் கண் உயரத்தில் ஓஸு கேமராவை வைக்கிறார் என்று பல நூல்களில் படித்திருக்கிறேன். நம் வீடுகளிலும் தரையில் அமரும் பழக்கம் இருப்பதால், இந்த உயரம் நமக்கு இன்னும் இயல்பாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

பழைய ரீல் எழுதியது:

யாழ்வாசகி பரிந்துரைத்த படத்தைவிடப் பொருத்தமான ஒன்றை இந்தக் கேள்விக்குக் காட்ட முடியாது. ஆனால் 'பாயில் அமர்ந்த விருந்தாளியின் கண்' என்ற விளக்கத்தை மட்டும் நான் ஏற்க மாட்டேன். ஓஸுவை மேற்குலகுக்கு அறிமுகப்படுத்திய டொனால்ட் ரிச்சி போன்றவர்கள் அதைப் பரப்பினார்கள். கேட்பதற்கு அழகாக இருந்ததால் அது நிலைத்துவிட்டது. 1988-இல் ஓஸுவைப் பற்றி விரிவான நூல் எழுதிய அமெரிக்கத் திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் ஷாட் ஷாட்டாகப் பார்த்து இதை மறுத்தார். படத்தைப் போட்டு நாமே சரிபார்க்கக்கூடிய மறுப்பு அது.

முதலாவது, கேமரா அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் இல்லை. அதற்கும் கீழே இருக்கிறது. எதிரே ஒருவர் அமர்ந்திருந்தால் அவர் கண் அவ்வளவு தாழ்வாக இருக்காது. இரண்டாவது, மேசையும் நாற்காலியும் போட்ட அலுவலகத்திலும், மதுக்கடையிலும், தெருவிலும், அடுக்குமாடிக் கட்டடத்தின் நடைபாதையிலும் கேமரா தாழ்ந்தே இருக்கிறது. அங்கெல்லாம் பாயும் இல்லை, பாயில் அமர்ந்த விருந்தாளியும் இல்லை. மூன்றாவது, அந்த உயரம் எல்லா இடத்திலும் ஒரே அளவு அல்ல. நிற்பவரைக் காட்டும்போது கேமரா கொஞ்சம் ஏறுகிறது, அமர்ந்தவரைக் காட்டும்போது இறங்குகிறது. காட்டப்படும் ஆளைவிட எப்போதும் தாழ்ந்திருப்பது என்பது மட்டும் மாறுவதில்லை. ஆகவே அது ஒரு மனிதரின் பார்வை அல்ல, ஒரு விகிதம்.

அந்த விகிதத்தால் என்ன கிடைக்கிறது? செட்டுவேலை ஐயா சொன்ன தரைதான் விடை. கேமரா தாழ்ந்து, ஏறக்குறைய நேராகப் பார்க்கும்போது, அறையின் முழுத் தரையும் திரையின் அடியில் ஒரு மெல்லிய பட்டையாகச் சுருங்கிவிடுகிறது. அமர்ந்திருப்பவர்களுக்குப் பின்னால் தரை எழும்பி நிற்பதில்லை. காகிதக் கதவுகள், தூண்கள், அடுத்த அறை, அதற்கும் அப்பால் தோட்டம் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டங்கள் வந்து நிற்கின்றன. ஃப்ரேமுக்குள் வீடே இன்னும் நான்கு ஃப்ரேம்களைப் போட்டுத் தருகிறது. ஓஸுவின் ஒளிப்பதிவாளர் யூஹரு அட்சுதா இதற்காகவே ஒரு குட்டை டிரைபாடை வைத்திருந்தார். ஜெர்மானிய இயக்குநர் விம் வெண்டர்ஸ் 1985-இல் வெளியிட்ட 'டோக்கியோ-கா' ஆவணப்படத்தில் அட்சுதா அதை வைத்துத் தாங்கள் எப்படி வேலை செய்தோம் என்று காட்டுகிறார். ஓஸுவுடன் இத்தனை ஆண்டுகள் இருந்ததைப் பேசிக்கொண்டே வரும் அவர், ஒரு கட்டத்தில் பேச முடியாமல் உடைந்து அழுகிறார். கேமரா உயரத்தை வெறும் தொழில்நுட்பச் செய்தியாக நினைப்பவர்கள் அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும்.

யாழ்வாசகி எழுதியது:

திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். நேற்றிரவு படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னதுபோல், மருமகள் நொரிகோ வேலை பார்க்கும் அலுவலகக் காட்சியில்கூடக் கேமரா தாழ்வாகத்தான் இருக்கிறது. இத்தனை முறை பார்த்தும் அதை நான் கவனித்ததில்லை.

மாம்பலத்தான் எழுதியது:

அப்படியானால் லோ ஆங்கிள் வலிமை, ஹை ஆங்கிள் பலவீனம் என்ற பாடமே தவறா? 'சிட்டிசன் கேன்' படத்தில் கேமராவைத் தரைக்கும் கீழே இறக்கி எடுத்ததெல்லாம் நாயகனைப் பிரம்மாண்டமாகக் காட்டத்தானே?

பழைய ரீல் எழுதியது:

மாம்பலத்தான் எடுத்துக்காட்டிய படமே அவருடைய பாடத்துக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. 1941-இல் வெளிவந்த அந்தப் படத்தில் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டும் இயக்குநர் ஆர்சன் வெல்ஸும் செட்டின் தரையையே உடைத்துப் பள்ளமாக்கி அதற்குள் கேமராவை இறக்கிய காட்சி எது என்று பாருங்கள். கவர்னர் தேர்தலில் நாயகன் கேன் தோற்றுவிட்டான். தேர்தல் காகிதங்கள் சிதறிக் கிடக்கும் அலுவலகத்தில் பழைய நண்பன் லேலண்ட் குடித்துவிட்டு வந்து, உனக்கு யார்மேலும் அன்பில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். அதாவது, அவனுடைய வாழ்வின் பெரிய வீழ்ச்சி நடந்த இரவில்தான் கேமரா மிகவும் தாழ்ந்திருக்கிறது.

அவ்வளவு கீழிருந்து நிமிர்ந்து பார்ப்பதால் ஆள் பெரிதாகத் தெரிகிறான். கூடவே அவன் தலைக்குமேல் கூரையும் தெரிகிறது. அந்தக் காலத்து ஹாலிவுட் செட்டுகளில் மேலே விளக்குகளைத் தொங்கவிடுவதற்காகப் பெரும்பாலும் கூரை போடுவதில்லை. இவர்கள் மஸ்லின் துணியை இழுத்துக் கட்டிக் கூரையாக்கினார்கள்; துணி என்பதால் மைக்கை அதற்கு மேலே மறைத்து வைக்கவும் முடிந்தது. பெரிய உருவம், அதை அழுத்தும் தாழ்ந்த கூரை, நிமிர்ந்து நின்றும் போக இடமில்லாத மனிதன். லோ ஆங்கிள் இங்கே வலிமையைச் சொல்கிறதா, தோல்வியைச் சொல்கிறதா? ஆங்கிளை மட்டும் வைத்து விடை சொல்ல முடியாது. கதையில் அவன் நிற்கும் இடமும் ஃப்ரேமில் அவனைச் சூழ்ந்திருப்பவையும் சேர்ந்துதான் சொல்கின்றன.

ஹை ஆங்கிளுக்கும் இதே கதைதான். 1960-இல் வந்த 'சைக்கோ'வில் மாடிப்படியின் உச்சியில் துப்பறிவாளர் தாக்கப்படும்போது கேமரா உத்தரத்துக்குப் போய்விடுகிறது. தாக்குபவரின் முகம் தெரியக் கூடாது, ஆனால் மறைக்கிறார்கள் என்ற சந்தேகமும் எழக் கூடாது. அதற்காகவே அவ்வளவு மேலே போனதாக அதன் இயக்குநர் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவுடனான நீண்ட உரையாடலில் விளக்கியிருக்கிறார். அந்த முடிவு முதலில் ஒரு முகத்தை மறைக்கும் தேவையிலிருந்து வந்தது.

அந்தப் பாடம் முழுப் பொய் என்று நான் சொல்லவில்லை. சிறு குழந்தையாக இருந்தபோது பெரியவர்களை நிமிர்ந்து பார்த்த நினைவு நம் எல்லோரிடமும் இருக்கிறது; அது வேலை செய்யத்தான் செய்யும். ஆனால் அட்டவணையைப் பார்த்து மருந்து கொடுப்பதைப்போல ஆங்கிளைத் தேர்ந்தெடுத்தால், கொல்லைத்திண்ணைக்கு நேற்று மாலை நடந்ததுதான் எல்லோருக்கும் நடக்கும்.

மாம்பலத்தான் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். கேன் தோற்ற காட்சி என்பதை நான் யோசிக்கவே இல்லை. கொல்லைத்திண்ணை, உங்களுக்குத் தவறான வழி சொன்னதற்கு வருந்துகிறேன்.

கொல்லைத்திண்ணை எழுதியது:

அண்ணா, அந்த ஷாட்டை எடுத்துப் பார்த்ததால்தான் எனக்கு வேறுபாடே புரிந்தது, வருந்த வேண்டாம். இப்போது நடைமுறைக் கேள்வி ஒன்று. ஓஸு பெரும்பாலும் 50 எம்எம் லென்ஸ் ஒன்றையே பயன்படுத்தினார் என்று படித்தேன். என்னிடம் இருப்பது ஏபிஎஸ்-சி என்னும் நடுத்தர அளவு சென்சார் கொண்ட கேமரா. எங்கள் கூடம் பத்தடி அகலம்தான். அதற்குள் 50 எம்எம் போட்டால் முகம் மட்டுமே ஃப்ரேமை நிறைத்துவிடுகிறது.

செட்டுவேலை எழுதியது:

தம்பி, உங்கள் சென்சாரின் அகலமும் பழைய 35 எம்எம் ஃபிலிம் ஃப்ரேமின் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே 50 எம்எம் உங்களுக்கும் ஏறக்குறைய அதே பார்வையைத்தான் தரும். மனக்கணக்காக ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்கும் ஆளுக்கும் உள்ள தூரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவுதான் ஃப்ரேமின் அகலம். கால் பங்குக்குச் சற்று அதிகம்தான் உயரம். பத்தடி தள்ளி நின்றால் உயரம் இரண்டரை அடியைக் கொஞ்சம் தாண்டும். உட்கார்ந்த ஆள் தலை முட்ட நிற்பார். பன்னிரண்டு அடி தள்ளிப் போனால் மூன்றடிக்கு மேல் கிடைக்கும். தலைக்கு மேலே மூச்சுவிட இடம் இருக்கும்.

ஓஸு ஷோசிகு நிறுவனத்தின் ஓஃபுனா ஸ்டூடியோவில் செட் போட்டு எடுத்தவர். தேவைப்பட்டால் சுவரை நகர்த்திக்கொள்ளலாம். உங்களால் அது முடியாது, ஆனால் பழைய வீட்டில் வேறு வழி இருக்கிறது. கூடத்துக்குள் கேமராவை வைக்காதீர்கள். வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே இருக்கும் ரேழிக்குப் போய்விடுங்கள். ரேழி வாசலின் நிலை ஃப்ரேமின் இரு ஓரத்திலும் லேசாகத் தெரிந்தால் தெரியட்டும். அதை ஒதுக்க நினைக்க வேண்டாம். ஒன்றரை அடி உயரத்தில் லென்ஸ் இருக்கட்டும். குட்டை டிரைபாட் இல்லையென்றால் ஒரு மணையைப் போட்டு, அதன்மேல் இரண்டு கிலோ அரிசிப் பையை வைத்து, கேமராவை அதில் அமிழ்த்திவிடுங்கள். அசையாது. ஒரேயடியாக நேராக வைத்தால் கீழே தரை கொஞ்சம் கூடுதலாகத் தெரியலாம். அப்போது ஒரு டிகிரி மட்டும் நிமிர்த்துங்கள். அதற்குமேல் வேண்டாம்.

யாழ்வாசகி எழுதியது:

கொல்லைத்திண்ணைக்கு இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. 'டோக்கியோ ஸ்டோரி'யின் தொடக்கத்தில், ஒனோமிச்சி ஊரில் தங்கள் வீட்டில், முதிய தம்பதியர் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும் முன் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஊதிப் பெருக்கும் காற்றுத் தலையணை யாரிடம் இருக்கிறது என்று இருவரும் தேடுகிறார்கள். உன்னிடம் கொடுத்தேனே என்று கணவர் சொல்கிறார். கடைசியில் அது அவருடைய பையிலேயே இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னல் ஓரமாக வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறார்.

படத்தின் முடிவில் மனைவி இறந்துவிடுகிறார். அதே அறை. அதே தாழ்ந்த கேமரா. கணவர் முன்பு அமர்ந்த இடத்திலேயே அமர்ந்து விசிறிக்கொண்டிருக்கிறார். அதே பக்கத்து வீட்டுப் பெண் அதே ஜன்னலுக்கு வருகிறார். முதியவராக நடித்த சிஷூ ரியூவுக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை. ஆனால் அந்த முதுகைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். அழுகைக்காகக் கேமரா முகத்தை நோக்கி ஓடுவதில்லை, மேலே ஏறி அவரைச் சிறியவராக்குவதும் இல்லை. தொடக்கத்தில் இருவர் இருந்த ஃப்ரேமில் இப்போது ஒருவர் இருக்கிறார். பக்கத்து இடம் காலியாக இருக்கிறது. கேமரா வேறு உயரத்துக்கோ வேறு பக்கத்துக்கோ போயிருந்தால் அந்தக் காலியிடம் நம் கண்ணுக்குத் தென்பட்டிருக்காது.

உங்கள் படத்திலும் பேத்தி மறுநாள் கிளம்பிவிடுகிறாள் அல்லவா? அவள் போன பிறகு பாட்டியைக் காட்டும் ஷாட் இருந்தால், கேமராவை இம்மியும் மாற்றாமல் அதே இடத்தில் வைத்து எடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மணையைச் சுற்றித் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு வைத்துவிடுங்கள்.

கொல்லைத்திண்ணை எழுதியது:

கோடு போட்டாகிவிட்டது. நேற்று ரேழியிலிருந்து எடுத்துப் பார்த்தோம். பாட்டிக்குப் பின்னால் முற்றத்துத் தூண் இரண்டும் நேராக நிற்கின்றன. அவற்றுக்கு அப்பால் கொல்லைக் கதவு திறந்து, பின்வெளிச்சம் ஒரு செவ்வகமாகத் தெரிகிறது. வாழைப்பூவின் கறை படிந்த விரல்கள் ஃப்ரேமின் கீழ்ப்பாதியில் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. மானிட்டரில் பார்த்த என் அம்மா, “இதுதான் உங்க பாட்டி” என்று மட்டும் சொன்னார்.

ஆனால் ஒரு சிக்கல். பேத்தி கூடத்துக்குள் நடந்து வரும்போது அவளுடைய தலை ஃப்ரேமுக்கு மேலே போய்விடுகிறது. பாட்டியின் அருகே வந்து நிற்கையில் இடுப்புவரைதான் தெரிகிறாள். கேமராவை நிமிர்த்தி அவளைப் பின்தொடரலாமா?

செட்டுவேலை எழுதியது:

நிமிர்த்தாதீர்கள். அவள் எங்கிருந்து வருகிறாள்? கொல்லைக் கதவு கேமராவிலிருந்து எவ்வளவு தூரம்?

கொல்லைத்திண்ணை எழுதியது:

அளந்து பார்த்தேன், 27 அடி.

செட்டுவேலை எழுதியது:

அவ்வளவு தூரத்தில் ஃப்ரேமின் உயரம் ஏழடி இருக்கும். ஒரு டிகிரி நிமிர்வையும் சேர்த்தால், கொல்லைக் கதவில் நிற்கும்போது அவள் தலை முதல் கால்வரை உள்ளே இருப்பாள். அங்கே ஒரு நொடி நிற்கச் சொல்லுங்கள். நாம் முகத்தைப் பார்த்துவிடுவோம். பிறகு நடந்து வரட்டும். பாதி வழியில் தலை வெளியே போகும், போகட்டும். ஃப்ரேம் பாட்டிக்காக வைக்கப்பட்டது. வருகிறவள்தான் அதற்குள் வந்து உட்கார வேண்டும்.

கொல்லைத்திண்ணை எழுதியது:

இன்று காலை எடுத்துவிட்டோம். நான்காவது டேக் சரியாக வந்தது. பேத்தி கொல்லைக் கதவில் நிற்கிறாள், நடந்து வருகிறாள், முகம் மேலே மறைகிறது, பாவாடை மட்டும் முறத்தருகே வந்து நிற்கிறது. பாட்டி நிமிர்ந்து பார்க்கவில்லை; நரம்பை உருவிப் பக்கத்தில் போட்டுவிட்டு அடுத்த பூவை எடுக்கிறார். நாங்கள் யாரும் அவருக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் உட்கார்ந்து, முகம் பாட்டியின் முகத்துக்கு நேராக இறங்கி வந்த பிறகுதான் அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்க்கிறார்.

பேத்தி போன பிறகு வரும் ஷாட்டை வெள்ளிக்கிழமை, அதே வெளிச்சம் முற்றத்தில் விழும் நேரத்தில் எடுக்கவிருக்கிறோம். அதுவரை யாரும் ரேழியைப் பெருக்கிக் கோட்டை அழித்துவிடாமல் பாட்டியே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.